ஏழு நிமிடம் பன்னிரண்டு நொடி

விர்ப்பி ஹாப்பலா 1966 மார்ச் 3ஆம் நாள் ஹாப்பயார்வி என்னும் சிற்றூரில் பிறந்தார். 1995 ஜனவரியில் வடக்கே உள்ள ஔலு நகருக்கு வந்தார். அன்றுமுதல் இன்றுவரை அவர் தொழில், பள்ளிக்கூடச் சமையல். முதல் நான்கு ஆண்டுகள் விடுப்பில் போகிறவர்களுக்கு மாற்றாள், அதன்பின் நிரந்தரம். வீடு துய்ரா பகுதியில், மூன்றாம் மாடியில். 2024 மார்ச் மாதக் கணக்குப்படி அவரிடம் இருந்த இசைத்தட்டுகள் 611. அவற்றுள் ராக் இசை அல்லாதவை நான்கு: மூன்று கிறிஸ்துமஸ் பாடல்கள், ஒன்று பறவைகளின் குரல்.

அவர் வசிக்கும் கட்டடத்தின் நிலவறையில், சலவை அறைக்கும் சைக்கிள் அறைக்கும் நடுவே குடியிருப்போருக்கான பொது அறை ஒன்று உள்ளது. செப்டம்பர் முதல் மே வரை, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அங்கே எங்கள் நடுவர் வட்டம் கூடும். முதல் கூட்டம் நடந்தது 1998 அக்டோபர் 8ஆம் நாள்; பெருந்தொற்றுக் காலத்தில் பன்னிரண்டு கூட்டங்கள் மட்டும் நடக்கவில்லை. உறுப்பினர்கள் எப்போதும் ஏழு பேர்தான். ஒருவர் விலகினால்தான் இன்னொருவருக்கு இடம். 2021இல் ஒரு பேருந்து ஓட்டுநர் ஸ்பெயினுக்குக் குடிபோனதால் எனக்கு இடம் கிடைத்தது.

நடைமுறை எளியது. ஒவ்வொருவரும் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவர வேண்டும். அதன் அட்டை யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகத் தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு பாட்டு ஒலிக்கும். கொண்டுவந்தவர் நீங்கலாக மற்ற ஆறு பேரும் துண்டுத்தாளில் பூச்சியம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண் எழுதி, ஒரே நேரத்தில் மேசையின்மேல் புரட்டி வைக்க வேண்டும். அதன்பிறகே தலையணை உறை திறக்கப்படும். குழுவின் பெயர், பாட்டின் பெயர், தட்டின் பக்கம், ஓடிய நேரம், மொத்த மதிப்பெண் ஆகியவற்றை விர்ப்பி பச்சை அட்டை போட்ட புத்தகத்தில் பதிவுசெய்வார். பொது அறையை எட்டு மணிக்குக் காலிசெய்தாக வேண்டும் என்பதால் நேரம் குறிக்கும் வழக்கம் வந்தது. தம் வீட்டுச் சமையலறையில் நேரம் அளக்கும் மணியைக் கொண்டுவந்து ஒவ்வொரு பாட்டையும் அவர் அளப்பார்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் நான்கு விதிகள் உண்டு. முதல் விதி: உயர்ந்த தட்டைக் கொண்டுவராதே, இந்த மாதம் நீ உண்மையில் கேட்டுக்கொண்டிருக்கும் தட்டைக் கொண்டுவா. இரண்டாவதும் மூன்றாவதும் பீர் பற்றியவை. நான்காவது விதி: குழு, பாட்டு, பக்கம் இவற்றில் எழுதியது ஒன்று, ஒலித்தது வேறொன்று என்றால் அந்தப் பதிவு செல்லாது.

ராக் ரசிகர்கள் எதை உயர்ந்தது என்று சொல்கிறார்கள் என்பதற்குச் சான்றுகள் மலைபோல் குவிந்துள்ளன. எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு மிகக் குறைவு. இந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரத்தைத்தான் என் ஆய்வேட்டில் அளக்க முயல்கிறேன். அதனால்தான் அந்தப் பச்சைப் புத்தகம் எனக்குத் தேவைப்பட்டது. சென்ற குளிர்காலத்துப் பக்கங்களை மட்டும் புரட்டினாலே விளங்கும். பல் மருத்துவமனைச் செவிலியான இன்கா உலிதலோ, ஸொதன்குலாவைச் சேர்ந்த மூன்று பெண்கள் பனிவண்டிக் கொட்டகையில் பதிவுசெய்த அதிவேக மெட்டல் ராக் இசைத்தட்டை ஜனவரியில் கொண்டுவந்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஓஸ்ஸி பிக்கரைனென், பாடகரே இல்லாத ஜப்பானியக் குழு ஒன்றின் தட்டைப் பிப்ரவரியில் கொண்டுவந்தார். லிஃப்ட் குழிக்குள் மாட்டிக்கொள்ளும்போது கேட்க அது ஒன்றுதான் தோது என்று காரணம் சொன்னார். நாற்பத்தொரு மதிப்பெண் பெற்றார்.

புத்தகத்தின் உச்ச மதிப்பெண் ஐந்தாவது கூட்டத்திலேயே பதிவானது. 1999 பிப்ரவரி 11. கொண்டுவந்தவர் விர்ப்பி. குழு, கெமி நகரைச் சேர்ந்த மூன்று பேர் கொண்ட 'பனித்தெப்பம்', பாட்டு 'மறுகரை', முதல் பக்கம், ஓடிய நேரம் 7 நிமிடம் 12 நொடி. நான்கு பத்துகள், இரண்டு ஒன்பதுகள். மொத்தம் அறுபதுக்கு 58. அந்தக் குழு 1994இல் ஒரே ஒரு தட்டை, முந்நூறு படிகள் மட்டும் வெளியிட்டுவிட்டுக் கலைந்துபோனது. ஊருக்கு வந்த முதல் மாதத்தில் பழைய தட்டுகள் விற்கும் கடையின் பெட்டிக்குள் விர்ப்பிக்கு அது கிடைத்தது. நடுவில் ஒட்டியிருந்த வெள்ளைத்தாளில் ரப்பர் முத்திரையாக ஒரு தெப்பம். எழுத்து எதுவும் கிடையாது; பெயர்களெல்லாம் அட்டையில் மட்டும்.

அந்த 58ஐ ஒரே ஒரு முறை வேறொருவர் தாண்டினார். 2006 நவம்பர் 9ஆம் நாள், எழுபத்துநான்காவது கூட்டத்தில், ஓஸ்ஸி கொண்டுவந்த தட்டு 59 பெற்றது. மூன்று நாள் கழித்து அதே தட்டை இரவல் வாங்கி வீட்டில் போட்டுப் பார்த்த விர்ப்பி, ஓஸ்ஸி முதல் பக்கம் என்று சொல்லி எழுதவைத்த பாட்டு உண்மையில் இரண்டாம் பக்கத்துப் பாட்டு என்று கண்டுபிடித்தார். அடுத்த கூட்டத்தில் அளவுகோல் வைத்து அந்த வரியின்மேல் கோடு போட்டார். கேட்டது எல்லாருக்கும் பிடித்ததா இல்லையா என்று ஓஸ்ஸி வாதாடியபோது, "புத்தகத்துக்குக் காது இல்ல ஓஸ்ஸி" என்று விர்ப்பி சொன்னதாகப் பழைய உறுப்பினர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

இவ்வளவும் பின்னணி. இனி நான் செய்தது.

2024 மார்ச் 14, இருநூற்றுப் பத்தொன்பதாவது கூட்டம். மதிப்பெண் வேலை முடிந்து, காப்பிக் குடுவை மேசையில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் என் அட்டவணையில் நேரங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன முரண்பாட்டைத் தீர்த்துக்கொள்ளும் எண்ணத்தில் மட்டுமே கேட்டேன்.

"விர்ப்பி, அஞ்சாவது கூட்டத்துல 'மறுகரை' ஏழு நிமிஷம் பன்னெண்டு செகண்டுன்னு எழுதியிருக்க. அந்தக் குழுக்காரங்களே ஜனவரியில தட்டை இணையத்துல ஏத்தியிருக்காங்க. அதுல அஞ்சு இருபதுதான் வருது. வேற பதிவா?"

"அவங்க போட்டது ஒரே தட்டு. வேற பதிவு எங்கிருந்து வரும்?"

"வெட்டிட்டாங்களோ என்னமோ" என்றாள் இன்கா.

ஓஸ்ஸி ஏற்கெனவே கைப்பேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "நானூத்தி முப்பத்திரண்டு செகண்டு. வகுத்தல் முந்நூத்தி இருபது." அவர் விரல் நின்றது. "ஒண்ணு புள்ளி மூணு அஞ்சு."

ரெக்கார்டு பிளேயரோடு வாழ்கிறவர்களுக்கு அந்த எண் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய தட்டு நிமிடத்திற்கு முப்பத்துமூன்றும் மூன்றிலொரு பங்கும் சுற்றும், சிறிய தட்டு நாற்பத்தைந்தும் சுற்றும் என்பது பொது வழக்கம். பெரிய தட்டையே நாற்பத்தைந்தில் பதிவுசெய்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட தட்டை முப்பத்துமூன்றில் ஓடவிட்டால், பாட்டு சரியாக ஒன்று புள்ளி மூன்று ஐந்து மடங்கு நீளும். குரல் கீழே இறங்கும். கிட்டார் கனக்கும்.

இன்கா கைப்பேசியில் அந்தப் பாட்டைப் போட்டாள். துள்ளலான டிரம்ஸ். அதன்மேல் ஏறி ஓடும் மெல்லிய இளம் குரல். அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டாள்.

"அப்போ இருபத்தஞ்சு வருஷமா நம்ம வட்டத்தோட பெருமை, ஒருத்தி ஒரு வேகக் குமிழைத் திருப்ப மறந்ததுதானா" என்றார் ஓஸ்ஸி.

"சிரிச்சு முடி, காப்பி ஆறுது."

"நான் சிரிக்கல விர்ப்பி. என் மூஞ்சியே இப்படித்தான்." கொஞ்சம் பொறுத்து, "புத்தகத்துக்குக் காது இல்லன்னு எனக்கு யாரோ சொன்னாங்க" என்றார்.

விர்ப்பி பேனாவை மூடினார். புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "ஸைமி, நீ எடுத்துட்டுப் போ. உனக்குத்தான இது வேணும்." அதுவரை அந்தப் புத்தகம் அவர் வீட்டைத் தாண்டி ஓர் இரவும் வெளியே தங்கியதில்லை. தலையணை உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டார். அவருடைய காப்பி அப்படியே இருந்தது.

ஒரு வாரம் புத்தகம் என் மேசைமேல் கிடந்தது. அந்த வரியைப் பலமுறை பார்த்தேன். கேள்வியை அவரிடம் தனியாகக் கேட்டிருக்கலாம் என்பது எனக்கு மறுநாளே தோன்றியது. ஆவணத்தில் முரண்பாடு கண்டால் உடனே எழுப்பவேண்டும் என்று பழகியவர்களுக்கு, அதை யார் முன்னால் எழுப்புகிறோம் என்ற நினைப்பு பிந்தித்தான் வருகிறது.

மார்ச் 21, வியாழன். பள்ளிகளில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் போடும் நாள். மதிய உணவு முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து அவர் பள்ளிக்குச் சைக்கிளில் போனேன். விர்ப்பி நூற்றைம்பது லிட்டர் கொப்பரையைச் சாய்த்துவைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"செருப்புக்கு உறை மாட்டிட்டு வா. பான்கேக் மிச்சம் இருக்கு. ஜாம் காலி, பசங்க விட்டுவைக்கல."

புத்தகத்தை எஃகு மேசையின் உலர்ந்த மூலையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நாப்பத்தஞ்சுல போட்டேன்" என்றார். "அதுக்கு முன்னாடி தட்டை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தேன். நடுவுல வழவழன்னு ஒரு வளையம் இருக்கும்ல, அங்க தட்டைப் பண்ணினவன் ஆணியால கீறி வச்சிருக்கான். நாலு, அஞ்சு. இருபத்தொன்பது வருஷமா அது மேலதான் துணி போட்டுத் துடைச்சிருக்கேன்."

"பாட்டு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. அதுதான் சங்கடம். மோசமா இருந்திருந்தா அவன் தப்பு, நான் சரின்னு போயிருப்பேன்." கொப்பரைக்குள் தண்ணீரைப் பீய்ச்சினார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். "பாடறது சின்னப் பையன் ஸைமி. பஸ்ஸைப் பிடிக்க ஓடறவன் மாதிரி பாடறான். எனக்குத் தெரிஞ்ச ஆளுக்கு அம்பது வயசு. கனத்த மனுஷன். ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கிக் கீழ வைப்பான். நான் இங்க வந்த புதுசுல யாரையும் தெரியாது. காலையில அஞ்சரைக்கு, மைனஸ் இருபத்தஞ்சுல, பாலத்து மேல நடந்து வேலைக்கு வருவேன். அவன் பாடற வேகத்துலதான் நடப்பேன். வேகமா நடந்தா மூச்சு நெஞ்சைக் குத்தும், மெதுவா நடந்தா கால் விறைச்சுடும். அவன் வேகம் சரியா இருந்துச்சு." தண்ணீரை நிறுத்தினார். "அப்படி ஒரு ஆளே இல்லையாம்."

நான் தயார்செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "நாலாவது விதியில குழு, பாட்டு, பக்கம் இவ்வளவுதான் வருது. வேகம்னு ஒரு வார்த்தையும் இல்ல. மூணுமே சரியாத்தான் எழுதியிருக்க. அம்பத்தெட்டு செல்லும்."

"நீ வக்கீலுக்கா படிக்கிற?"

"நாட்டார் வழக்காற்றியல்."

"அப்போ பான்கேக்கைச் சாப்பிடு."

சாப்பிட்டேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "கோடு போட்டா அம்பத்தெட்டு போயிடும். போடலன்னா, அன்னிக்கு ஓஸ்ஸிக்கு நான் போட்ட கோடு வெறும் பொறாமையாயிடும். பதினேழு வருஷமா அவன் அதைத்தான் சொல்லிட்டு இருக்கான், சிரிச்சுக்கிட்டே. அவன் சொல்றது சரியாப் போயிடக்கூடாது. எனக்கு அம்பத்தெட்டும் போகக்கூடாது." புத்தகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணா நடக்காது. அதுதான் யோசிச்சுட்டு இருக்கேன்."

ஏப்ரல் 11, இருநூற்று இருபதாவது கூட்டம். பனி உருகி, தெருவில் வழுக்காமல் இருக்கத் தூவிய சரளை மட்டும் மிஞ்சியிருந்தது. எல்லாருடைய காலணியிலும் அது ஒட்டிக்கொண்டு படியெல்லாம் நறநறத்தது. விர்ப்பி கடைசியாக இறங்கிவந்தார். ஒரு கையில் தலையணை உறை. மறு கையில் புத்தகமும் அளவுகோலும்.

நின்றபடியே ஐந்தாவது கூட்டத்தின் பக்கத்தைத் திறந்தார். அளவுகோலை வைத்தார்.

"கொஞ்சம் இரு" என்றார் ஓஸ்ஸி. "இதை ஓட்டுக்கு விடணும்."

"'எனக்குப் போட்டப்போ ஓட்டு இருந்துச்சா'ன்னு நீ கேக்கணும். மாத்திக் கேக்குற."

"நான் எனக்காகக் கேக்கறேன். பதினேழு வருஷமா உன்கிட்ட அநியாயமா தோத்தவன் நான். எங்க போனாலும் இதைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். நீ இப்போ கோடு போட்டேன்னா நான் நியாயமாத் தோத்தவன் ஆயிடுவேன். அதை யாரு கேப்பாங்க?"

"வேற கதை தேடிக்க."

"இந்த வயசுலயா?"

விர்ப்பி கோட்டை இழுத்தார். நேர்க்கோடு; இடமிருந்து வலம், ஒரே மூச்சில். ஓரத்தில் நாளும் தம் பெயரின் முதலெழுத்தும் இட்டார். பிறகு அன்றைய பக்கத்தைத் திறந்து, 'பக்கம்' என்ற பத்திக்கும் 'நேரம்' என்ற பத்திக்கும் நடுவே செங்குத்தாக இரண்டு கோடுகள் போட்டு, மேலே 'வேகம்' என்று எழுதினார்.

"உன் அம்பத்தொன்பதை நான் திருப்பித் தரமாட்டேன்" என்றார், தலைநிமிராமல்.

"நான் கேக்கவே இல்லயே."

"மூஞ்சி கேட்டுச்சு."

"என் மூஞ்சியே அப்படித்தான்னு எத்தனை தடவை சொல்றது."

முதலில் இன்காவின் தட்டு, அடுத்து மற்ற மூவருடையவை, பிறகு என்னுடையது, ஓஸ்ஸியுடையது. ஏழாவதாக விர்ப்பி எழுந்து, எங்களுக்கு முதுகு காட்டி நின்று, தலையணை உறைக்குள்ளிருந்து தட்டை எடுத்து வைத்தார். குமிழைத் திருப்பும் ஓசை எதுவும் கேட்கவில்லை. ஊசி இறங்கியது. சமையலறை மணியை முடுக்கி மேசையில் வைத்தார்.

அந்தப் பாட்டை அந்த வடிவில் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். கிட்டார் ஒலி, உறைந்த ஆற்றின்மேல் யாரோ கனத்த பலகையை இழுத்துப்போவதுபோல் நகர்ந்தது. டிரம்ஸ் ஒவ்வோர் அடியையும் யோசித்து அடித்ததுபோல் இருந்தது. அரை நிமிடத்துக்குள் அந்தக் குரல் வந்தது. ஐம்பது வயது என்று விர்ப்பி சொன்னது சரி. அது எந்தத் தொண்டையிலிருந்தும் வந்த குரல் அல்ல என்று எனக்குத் தெரியும். அது தெரிந்திருந்தும் அந்த மனிதரின் முகத்தை என்னால் ஊகிக்க முடிந்தது. ஓஸ்ஸி தம் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். 1999இல் அவரும் இந்த அறையில் உட்கார்ந்து இதைக் கேட்டவர். அந்த இரண்டு ஒன்பதுகளில் ஒன்று அவர் போட்டது. பாட்டு முடிந்தபின் ஊசி உள்வளையத்தில் சில சுற்றுகள் உரசியது. விர்ப்பி மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"இது விதிப்படி சரிதானா?" என்று கேட்டாள் இன்கா. "பண்ணினவங்க இப்படிப் பண்ணலயே."

"முதல் விதியைப் படி" என்றார் விர்ப்பி. "இந்த மாசம் நீ கேட்டுட்டு இருக்கற தட்டு. போன மாசம் ஒரு தடவை நாப்பத்தஞ்சுல கேட்டேன். அதுக்கப்புறம் தினமும் இப்படித்தான் கேட்டேன். வேற எதையாவது கொண்டுவந்திருந்தா அதுதான் பொய்."

துண்டுத்தாள்கள் புரண்டன. இன்கா போட்டது ஆறு. "எனக்கு ஓட்டம் வேணும்" என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில் அல்ல. மற்றவர்கள் ஏழு, ஏழு, எட்டு, பத்து. பத்து என்னுடையது அல்ல. ஓஸ்ஸியின் தாளில் ஒன்பது இருந்தது.

"அதே ஒன்பதா?" என்றார் விர்ப்பி.

"பாட்டு மாறலயே" என்றார் ஓஸ்ஸி. "அன்னிக்கும் முடிவு கொஞ்சம் நீளம்னு சொன்னேன். இன்னிக்கும் நீளந்தான்."

விர்ப்பி அன்று காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். கூட்டம் 220. நாள் 11.4.2024. கொண்டுவந்தவர் வி. ஹாப்பலா. குழு 'பனித்தெப்பம்'. பாட்டு 'மறுகரை'. பக்கம் 1. வேகம் 33. நேரம் 7 நிமிடம் 12 நொடி. மொத்தம் 47.